பழைய வீட்டை விருந்தினர் இல்லமாக்க முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

பழைய வீடு ஒன்று கைக்கு வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதில் எத்தனை ரூம் போடலாம்?" அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள் என்பேன். அறைகளின் எண்ணிக்கையைக் கடன் தவணையை வைத்து முடிவு செய்யக் கூடாது. மழைத் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, எந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும், கழிவுக் குழாய் எங்கே இறங்கும், இவற்றைப் பார்த்த பிறகு வீடே எண்ணிக்கையைச் சொல்லிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல், எட்டு அறை என்று முதல் வாரமே தீர்மானித்து, அந்த எட்டையும் வீட்டுக்குள் திணித்து, பிறகு இரண்டை இடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, வேலை எந்த வரிசையில் நடந்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

1. ஒரு மழைக்காலம் சும்மா பாருங்கள்

குடை, டார்ச், பென்சில், ஒரு நோட்டு. மழை கொட்டும்போது வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எந்த மூலையில் விழுகிறது, விழுந்த தண்ணீர் சுவரை நோக்கி ஓடுகிறதா, விலகி ஓடுகிறதா, மழை விட்டு மூன்று நாளாகியும் எந்தச் சுவர் காயவில்லை என்று எழுதுங்கள். வெயில் நாளில் வந்து பார்க்கிற எந்த நிபுணராலும் இதைச் சொல்ல முடியாது.

விரிசல்களையும் இதே நோட்டில் சேருங்கள். ஒவ்வொரு விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலுக்கு இரு பக்கமும் ஒரு சிறு ஆணி அடித்து, இரண்டுக்கும் இடைவெளியை அளந்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். 1 மி.மீ.க்குக் குறைவான மயிரிழை பெரும்பாலும் பூச்சோடு நிற்பது. 5 மி.மீ. தாண்டியதும், பென்சில் கோட்டைக் கடந்து நீள்வதும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும் வேறு வகை. அவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும். நூறு வருடமாக அசையாமல் நிற்கும் விரிசலை விட, இந்த வருடம் இரண்டு மி.மீ. வளர்ந்த விரிசல்தான் ஆபத்து.

ஒரு வருடம் முழுக்கக் காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. எந்த அறைக்குக் காலை வெயில், எந்த அறைக்கு மாலைக் காற்று, இரவில் எந்தப் பக்கம் சாலைச் சத்தம் என்பதெல்லாம் பிறகு அறை வாடகையை நிர்ணயிக்கும்போது கை கொடுக்கும்.

2. எதையும் கழற்றும் முன் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், தரை, மேல்தளம் என்று ஆறு படம். கதவு, ஜன்னல், கீல், தாழ்ப்பாள் தனியாக. அளவெடுத்து ஒரு வரைபடம். பழைய குடும்பப் படங்கள் கிடைத்தால் அதில் இருக்கிற மனிதர்களுக்குப் பின்னால் பாருங்கள். தூண், கைப்பிடி, செடித்தொட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கழற்றுகிற பொருளுக்கு எண் போடும்போது சாக்பீஸை மட்டும் தொடாதீர்கள். தாழ்வாரத்துத் தரை ஓடுகளை வரிசை மாறாமல் எண் எழுதிப் பெயர்த்து, வெளியே அடுக்கி வைத்தேன். அன்று இரவே மழை. காலையில் பார்த்தால் கழுவித் துடைத்த மாதிரி முன்னூறு சொச்சம் ஓடுகள், ஒன்றிலும் எண் இல்லை. பூவேலைப்பாட்டை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே பதினொரு நாள் போயிற்று. தகட்டில் எண் பொறித்துக் கம்பியால் கட்டுங்கள். அல்லது அழியாத மையால் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் பழைய கட்டடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எல்லையைச் சொல்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும். "இங்கே ஒரு வளைவு இருந்திருக்கும்" என்று யாராவது ஆசையோடு சொன்னால், ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வளைவு வேண்டாம். புதிதாகச் சேர்க்கிற பகுதி பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் பழையதாக நடிக்கக் கூடாது என்பதும் அதே சாசனம்தான். ஆஸ்திரேலியாவில் 1979ல் ஏற்ற பர்ரா சாசனம் இன்னும் நடைமுறையாகப் பேசுகிறது: பராமரிக்கவும் பயன்படுத்தவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு செய்யுங்கள், மற்றபடி முடிந்தவரை மாற்றாதீர்கள். சுவரை இடிக்கலாமா என்று பொறியாளரோடு வாக்குவாதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்த வரி உதவியிருக்கிறது.

3. அனுமதிகள்

கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா, குடியிருப்பை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி உண்டா, தீயணைப்பு, உணவு, சுகாதாரம், காப்பீடு: இவை ஆறையும் வரைபடம் போடும் முன் விசாரியுங்கள். தீயணைப்பு விதி ஒன்று இரண்டாவது வெளிவழி கேட்டால் உங்கள் மாடித் திட்டமே மாறும். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு, கட்டணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

4. தோட்டத்துக்கு முதல் நாளே வேலி

எல்லோரும் தோட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். கட்டட வேலை முடிந்து பார்த்தால் தோட்டம் இருக்காது. மணல் லாரி ஏறிய மண் இறுகிக் கிடக்கும், சிமென்ட் கழுவிய தண்ணீர் போன இடம் வெளுத்துக் கிடக்கும், ஐம்பது வருட மரம் ஒன்று மெல்ல இலை உதிர்க்கத் தொடங்கியிருக்கும்.

மரத்தின் உறிஞ்சு வேர்கள் ஆழத்தில் இல்லை. பெரும்பாலானவை மேல் மண்ணில் 60 செ.மீ.க்குள்தான் பரவியிருக்கும். பிரிட்டிஷ் தரநிலை ஒன்று எளிய கணக்குத் தருகிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்க வேண்டும். விட்டம் 50 செ.மீ. என்றால், மரத்தைச் சுற்றி 6 மீட்டர் ஆரத்துக்கு வண்டி, மணல், பள்ளம் எதுவும் கூடாது. அந்த வட்டத்துக்கு முதல் நாளே வேலி போடுங்கள். கயிறு கட்டினால் இரண்டாம் நாள் அது தரையில் கிடக்கும். கம்பு நட்டு அடையுங்கள்.

நாற்றங்காலையும் அன்றே தொடங்குங்கள். வீட்டு வேலை இரண்டு வருடம் இழுக்கும். அந்த இரண்டு வருடத்தில் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்துவிடும். பழைய ரோஜாவோ கொடியோ எதுவென்று தெரியாவிட்டாலும் பதியம் போட்டு நான்கு தொட்டி எடுத்து வையுங்கள்.

தோட்டத்திலும் பதிவு உண்டு. 1981ல் உருவான புளோரன்ஸ் சாசனம் பழைய தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்று பார்க்கிறது. கட்டடத்தைப் போல அதை உறைய வைக்க முடியாது. செடி வளரும், சாகும், திரும்ப நட வேண்டும். மாறாமல் நிற்பது அமைப்பு: பாதை, ஓரக்கல், படி, மேடு, தண்ணீர் போகிற வாய்க்கால். ஒரு இரும்புக் கம்பியை எடுத்துப் புல்தரையில் ஒரு அடிக்கு ஒருமுறை குத்திக்கொண்டே போங்கள். மெத்து மெத்தென்று இறங்கிக்கொண்டிருந்த கம்பி திடீரென்று 'டக்' என்று நிற்கும். பக்கத்தில் குத்தினால் மறுபடியும் டக். மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் சாய்த்து நட்ட செங்கல் வரிசை. எங்கள் தோட்டத்தில் வட்டமான பாதை ஒன்று அப்படித்தான் கிடைத்தது. நாங்கள் போடவிருந்த நேர்ப்பாதைத் திட்டத்தை அன்று மாலையே கிழித்துப் போட்டோம்.

5. தண்ணீரை வெளியே தள்ளுங்கள்

இப்போதுதான் வீட்டு வேலை. முதலில் கூரை, அடுத்தது மழைநீர்க் குழாய், அப்புறம் தரைமட்டம். இந்த மூன்றும் முடியாமல் உள்ளே ஒரு சுவரில் பெயின்ட் அடித்தால்கூட வீண்.

கூரையில் ஓடு மாற்றும் முன் கீழிருக்கும் கைமரங்களைப் பாருங்கள். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு, அழுகிய மரத்தை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிற தவறு. கைமரத்தின் முனை சுவருக்குள் புகுகிற இடம்தான் முதலில் கெடும், ஏனென்றால் சுவர் ஈரம் அங்கே நேராக இறங்கும். புது ஓடு வாங்குவதாக இருந்தால் அதை வெளியே தெரியாத பின்பக்கத்துக்குப் போடுங்கள். அங்கிருக்கும் பழைய ஓட்டை எடுத்து முன்பக்கத்து இடைவெளியை நிரப்புங்கள்.

தரைமட்டம் பலருக்கும் கண்ணில் படாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது முற்றத்தில் மண் கொட்டியிருப்பார்கள், அதன்மேல் சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள். இப்படியே வெளித்தரை உயர்ந்து உள்தரையைத் தாண்டியிருக்கும். வெளித்தரை உள்தரையை விடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும், சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும். நாங்கள் ஒரு பக்கச் சுவருக்கு ஈரம் தடுக்கிற ரசாயனம் ஏற்றப் பெரிய தொகைக்கு விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தோம். கடைசியில் இரண்டு ஆள் நான்கு நாள் மண்ணை வெட்டி எடுத்ததில் அந்த ஈரம் நின்றது.

ஈரச் சுவர் உடனே காயாது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று பழைய வேலைக்காரர்கள் சொல்வார்கள். 18 அங்குலச் சுவர் என்றால் ஒன்றரை வருடம். மின்விசிறி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹீட்டர் வைத்து அவசரமாகக் காய வைத்தால் உப்பு மொத்தமும் மேல்பரப்புக்கு வந்து பூக்கும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

6. மரமும் பளுவும்

ஒரு ஸ்க்ரூடிரைவரோடு எல்லா உத்திரத்தையும் நிலைக்கால்களையும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. உளுத்த மரத்தில் ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்திருந்தால் அழுகல் தொடங்கும்; ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சுவரில் மண் குழாய் தெரிந்தால் கரையான், தரையில் மாவுபோல உதிர்ந்திருந்தால் வண்டு.

கெட்டது அடிமுனை மட்டும் என்றால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம். கெட்ட துண்டை அறுத்துவிட்டு அதே வகை உலர்ந்த மரத்தைச் சாய்வுவெட்டாக இணைக்கத் தெரிந்த தச்சரைத் தேடுங்கள். "எல்லாத்தையும் தூக்கிட்டு இரும்பு போட்டுரலாம்" என்று முதல் நாளே சொல்கிறவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பளு விஷயத்தில் விருந்தினர் இல்லம் வீட்டை விட மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கூரைமேல் 1000 லிட்டர் தொட்டி வைத்தால் ஒரு டன். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத்தான் கணக்கிடுவார்கள். மாடியில் நிரம்பிய குளியல் தொட்டியும் அதில் ஒரு ஆளும் என்பது அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். தண்ணீர்த் தொட்டியைத் தரையில் தனிக் கோபுரத்தில் வையுங்கள். குளியல் தொட்டி ஆசை இருந்தால் கீழ்த்தள அறைக்கு.

7. சுண்ணாம்பு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுதுகிறேன், ஏனென்றால் பழைய வீடுகளை அதிகம் கெடுப்பது வயதும் மழையும் இல்லை, நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்ட்.

போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824ல். அது சாதாரண வீடு வரை பரவ அடுத்த நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு முன் கட்டிய வீட்டில் கல்லையோ செங்கல்லையோ பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு அல்லது மண். அந்தச் சுவரில் ஈரம் ஏறும், வெளிப்பரப்பு வழியாக ஆவியாகிப் போகும். மேலே சிமென்ட் பூசினால் ஆவி போக வழியில்லை. ஈரம் உள்ளுக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும், உப்பு தேங்கும், ஒருநாள் செங்கல்லின் முகத்தோடு சேர்ந்து சிமென்ட் பெயர்ந்து விழும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும், மெதுவாக.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறு குறையும். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறுகிறது. நீற்றியதைச் சாந்தாக்கிப் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இந்தத் திரும்ப வாங்குகிற வேலைக்கு நாள் வேண்டும், லேசான ஈரமும் வேண்டும். வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் அது கல்லாகாது, வெறும் பொடியாக நிற்கும்.

செய்முறை: நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று மாதம் ஊற விடுங்கள்; வெண்ணெய் பதம் வர வேண்டும். நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று தொடங்குங்கள். மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் மேலே படிகிற வண்டல் தடிமனாக இருந்தால் அந்த மணலைக் கழுவாமல் சேர்க்காதீர்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி.

பூசும் முன் சுவரை நன்றாக நனையுங்கள். ஒரு பூச்சு சுமார் 10 மி.மீ. அது இறுகிய பிறகு அடுத்தது. பூசியதை ஈரச் சாக்கால் மூடி, சில நாள் வரை காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கொத்தனார் கெட்டிக்காரர், ஆனால் கை சிமென்டில் பழகிய கை. பழக்க தோஷத்தில் ஒரே தடவையில் ஒன்றரை அங்குலம் அப்பி, கரணையால் பளபளவென்று தேய்த்து, மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்க்க நன்றாகவே இருந்தது. எட்டாம் நாள் விரல் முட்டியால் தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம். மேல்தோல் இறுகி, உள்ளே ஈரக்களியாகவே இருந்திருக்கிறது. அவரே அதை உரித்துவிட்டு, "இது நம்ம அவசரத்துக்கு வராது சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் பூசியதில் ஒரு சதுர அடிகூடப் பெயரவில்லை.

பழைய சிமென்டை உரிக்கும்போது சுத்தியலும் உளியும்தான், இயந்திரம் வேண்டாம். ஒரு மூலையில் சிறிதாக முயன்று பாருங்கள். செங்கல் முகமும் சேர்ந்து வருகிறது என்றால் அந்த இடத்தை இப்போதைக்கு விட்டுவிடுவதே மேல்.

8. குளியலறையும், அந்த எண்ணிக்கையும்

சரி, இப்போது எண்ணலாம். கழிவுக் குழாய் 100 மி.மீ., சரிவு நாற்பதுக்கு ஒன்று. அதாவது 4 மீட்டர் ஓடினால் 10 செ.மீ. இறங்க வேண்டும். வரைபடத்தில் கழிவுநீர் வெளியேறும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த அறைகளுக்கு உத்திரத்தை வெட்டாமல் இந்தச் சரிவு கிடைக்கிறதோ அவைதான் விருந்தினர் அறைகள். மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர்மேலே, பக்கத்து அறைகளின் குளியலறைகள் முதுகோடு முதுகு.

பெரிய அறையின் மூலையில் குளியலறைக்காக மேல்தளம் வரை சுவர் எழுப்பி அறுத்துவிடாதீர்கள். இரண்டே கால் மீட்டர் உயரத்துக்குத் தனிப் பெட்டிபோல நிறுத்துங்கள். அறையின் முழு உயரமும், மேல்தளத்து வேலைப்பாடும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். நாளை யாராவது அதை எடுத்துவிட நினைத்தாலும் எடுக்கலாம். பெட்டியின் தரையை ஒரு படி உயர்த்தினால் குழாய்கள் பழைய தரைக்கு மேலேயே ஓடிவிடும். ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறி கட்டாயம். டைல் ஒட்டும் முன் வாசலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள், கீழே போய் அண்ணாந்து பாருங்கள்.

எரிவாயு வெந்நீர் சாதனத்தைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொன்றுவிடும். வெந்நீரைச் சேமித்து வைப்பதானால் 60 டிகிரியில் வையுங்கள், அதற்குக் கீழே வெதுவெதுப்பில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். குழாயில் வரும்போது சூட்டைக் குறைக்கக் கலப்பு வால்வு போடுங்கள்.

வெளிக் கட்டடங்கள் இருந்தால் அவற்றையும் எண்ணுங்கள். 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு இத்தாலியின் பிரியூலி பகுதியில் முளைத்த யோசனை ஒன்று உண்டு: ஒரே கட்டடத்தில் ஓட்டல் கட்டாமல், ஊரில் சிதறிக் கிடக்கும் வீடுகளை அறைகளாக்கி, வரவேற்பை மட்டும் ஓரிடத்தில் வைப்பது. 'ஆல்பெர்கோ டிஃப்யூசோ' என்று பெயர். தொழுவம், வண்டிக் கொட்டகை, கிணற்றடி அறை எல்லாம் உங்களிடம் இருந்தால் பெரிய வீட்டை வதைக்க வேண்டியதில்லை.

வருமானக் கணக்கை இந்த எண்ணிக்கையில் போடுங்கள். ஆறு அறை என்றால் வருடத்துக்கு 2190 அறை இரவுகள். தொடக்கத்தில் நாற்பது சதவீதம் நிரம்பினால் 876. அந்த 876ல் சம்பளமும் வருடாந்திரப் பராமரிப்பும் கட்டவில்லை என்றால் ஏழாவது அறை காப்பாற்றாது, வாடகையைத் திருத்த வேண்டும். மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்கைத் தனியாக ஒதுக்குங்கள். பழைய வீட்டில் சுவரைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

9. மின்சாரம், தீ

துணி சுற்றிய பழைய ஒயர், எர்த் இல்லாத பிளக் இரண்டையும் அப்படியே விடக் கூடாது. முழுக்கப் புதிது போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு டிரிப் ஆகிற பாதுகாப்பு சாதனம் ஒவ்வொரு சுற்றுக்கும் தேவை. சுவரை வெட்டாமல் மேலே குழாய் ஓட்டினால் அசிங்கம் என்று நினைக்காதீர்கள். நேராக, ஒழுங்காக ஓடுகிற குழாயை ஒரு வாரத்தில் கண் மறந்துவிடும், வெட்டிய சுவரை மறக்காது.

ஒவ்வொரு படுக்கையறையிலும் மாடிப்படி உச்சியிலும் புகை உணர்கருவி. ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும்படி இணைக்க வேண்டும். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் கதவு. அழகான பழைய பூட்டு விருந்தினரைத் தீயில் அடைத்துவிடும் என்றால் அது சுவரில் தொங்கட்டும்.

10. மேல்பூச்சும் கதவுகளும்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் அதைத் தடுத்ததே 1978ல்தான். சோதிக்காமல் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டுங்கள். பழைய கல்நார் ஷீட்டை உடைப்பதும் கூடாது.

எல்லாவற்றையும் உரிக்கும் முன் ஒரு வேலை. கதவுக்குப் பின்னால், யார் கண்ணும் படாத இடத்தில், கூரான பிளேடால் ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டி ஒரு அங்குலப் படிக்கட்டு செய்யுங்கள். எங்கள் கூடத்தில் மேலே வெள்ளை, கீழே இன்னொரு வெள்ளை, அப்புறம் மங்கிய பச்சை, அதற்கும் கீழே யாரும் எதிர்பார்க்காத செங்காவி. அந்தச் செங்காவியையே சுண்ணாம்பில் கலந்து அடித்தோம். படிக்கட்டை மூடாமல் விட்டிருக்கிறோம். விருந்தினர்கள் அதிகம் படமெடுப்பது அதைத்தான்.

11. தோட்டத்துக்குத் திரும்புதல்

வேலி எடுத்த பிறகு இறுகிய மண்ணைத் தோட்ட வேலைக்கான முள் கரண்டியால் தளர்த்தி, மக்கு சேர்த்து, மேலே இலைதழையால் மூடாக்கு போடுங்கள். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது. சுண்ணாம்பு சிந்திய மண்ணை அள்ளி எறியுங்கள். பெரிய மரங்களைக் கவாத்து செய்ய மரம் தெரிந்தவரை அழையுங்கள். தலையை மொட்டையடிப்பவர் வேண்டாம்.

எல்லா மூலையையும் நிரப்பாதீர்கள். தனியாக உட்கார்ந்து படிக்க ஒரு நிழல், இருவர் பேச ஒரு இருக்கை, காலையில் நடக்க ஒரு சுற்று. விளக்கு முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி, மஞ்சள் ஒளியில். மரத்தின்மேல் பாய்ச்சும் விளக்கு முதல் நாள் அழகு, பிறகு பூச்சியும் பறவையும் அலைமோதும்.

12. எல்லா அறையிலும் நீங்களே தூங்குங்கள்

கண்ணுக்குத் தெரியாத இடங்களைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்: துணி வெளுக்க, காய வைக்க, ஊழியர் உட்கார, நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ள. ஒரு படுக்கைக்கு மூன்று செட் விரிப்பு. ஒன்று மெத்தைமேல், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில்.

பிறகு ஒவ்வொரு அறையிலும் ஒரு இரவு. பெட்டியோடு போங்கள், விருந்தினர் மாதிரி. பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்கிறதா? படுத்தபடியே விளக்கை அணைக்க முடிகிறதா? போனுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா? மாடி அறையில் நான் படுத்த இரவு, நடைவழி விளக்கு கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக நேராக முகத்தில் அடித்தது. கீழறையில் விடிகாலை மோட்டார் ஓடத் தொடங்கியதும் கட்டில் அதிர்ந்தது. மூன்றாவது அறையில் குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது, ஒரு இரவில் நான்கு முறை. ஒரு துண்டுச் சீலையும், மோட்டாருக்கு அடியில் ரப்பர்த் தகடும், கீலுக்குப் பின்னால் மடித்து வைத்த அட்டையும் போதுமாக இருந்தன.

முதல் மாதம் இரண்டு அறை மட்டும் திறந்தோம். மற்ற நான்கும் பூட்டித்தான் கிடந்தன, அடுத்த மழை வரும்வரை.